உறவுக்குள் ஓர் அமானிதம்

சென்ற ஆண்டு நமக்கு நெருக்கமான குடும்பமொன்றில் ஒரு வழக்கு எழுந்தது. நீதிமன்றம் ஏறிய வழக்கன்று. அஸருத் தொழுகைக்குப் பின் வீட்டு முற்றத்தில் பாய் விரித்துப் பெரியவர்கள் நால்வர் அமர்ந்து பேசிய வழக்கு. அந்நால்வரில் ஒருவராக நாமும் இருந்தோம். அன்று சொல்லப்பட்ட தீர்ப்பில் நமக்கும் பங்குண்டு. அத்தீர்ப்பு தவறு என்று நாம் உணர்ந்துகொள்ளச் சில வாரங்கள் ஆயின. அவ்வுணர்வே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அண்ணன் தம்பி இருவர். கடற்கரை ஊர் வழக்கப்படி சொன்னால், காக்காவும் தம்பியும். மூத்தவர் பன்னிரண்டு ஆண்டுகளாகத் துபாயில் ஊழியம் பார்ப்பவர். இளையவர் ஊரில் சிறிய ஆயத்த ஆடைக் கடை வைத்திருப்பவர். உம்மா, வாப்பா, இரு மருமக்கள், பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். மூத்தவர் தம் பெயரில் இந்திய வங்கியொன்று அளித்திருந்த கிரெடிட் கார்டைத் தம்பியிடம் விட்டுச் சென்றிருந்தார். அட்டையைப் பயன்படுத்தும்போது வரும் ஓடிபி எண்ணுக்காகத் தம்முடைய ஊர் சிம் கார்டையும் ஒரு பழைய கைபேசியில் போட்டு வீட்டிலேயே வைத்திருந்தார். மின்கட்டணம், பள்ளிக் கட்டணம், எரிவாயு, உம்மாவின் மருந்து முதலிய தேவைகளுக்காக இந்த ஏற்பாடு. “வீட்டுத் தேவைக்கு எடுத்துக்கொள்” என்பதே அவர் சொன்ன சொல். வளைகுடாவில் வாழ்வோரின் வீடுகளில் இது அரிதான ஏற்பாடன்று என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

ஒரு ரமலானுக்கு முன் கடைக்குச் சரக்கு வாங்கப் பணம் போதவில்லை. தம்பி அந்த அட்டையில் வாங்கினார். பெருநாள் விற்பனையில் வந்த பணத்தை வங்கியின் கெடு நாளுக்கு முன்பே கட்டிவிட்டார். யாருக்கும் தெரியாது. யாருக்கும் நட்டமில்லை. மறுமுறையும் அவ்வாறே நடந்தது. மூன்றாம் முறை 1,40,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தார், விற்கவில்லை. வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் மாதாமாதம் கட்டிச் சமாளித்தார். வட்டி ஏறிக்கொண்டே போயிற்று. மூத்தவர் விடுமுறையில் வந்து, வீடு கட்டும் எண்ணத்தில் கணக்குகளைப் புரட்டியபோதுதான் விஷயம் வெளிவந்தது.

முற்றத்தில் கூடியபோது முதலில் பேசியவர் உம்மா. “உன் தம்பிதானே வாப்பா, ஊரான் வீட்டுப் பிள்ளையா எடுத்தது?” என்றார். வாப்பா அதற்கும் மேலே போய், “நான் பொறுத்துக்கொண்டேன், இத்தோடு விடுங்கள்” என்றார். நாமும் இரத்த பந்தத்தின் உயர்வைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி, மூத்தவரே கடனை அடைத்துவிட்டு மறந்துவிடுவதுதான் அழகு என்றோம். மூத்தவர் தலையசைத்தார். தம்பி தலைகுனிந்திருந்தார். கஹ்வா வந்தது, குடித்துவிட்டுக் கலைந்தோம்.

பத்து நாள் கழித்து மூத்தவர் பயணம் புறப்பட்டார். போகும்போது அந்தப் பழைய கைபேசியையும் அட்டையையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்விட்டார். யாரிடமும் கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அதுவரை வாரம் இருமுறை தம்பியோடு பேசியவர் அதன் பிறகு பேசவில்லை. நாம் செய்துவைத்த சமாதானத்தின் இலட்சணம் இது!

எங்கே தவறினோம் என்று எண்ணிப் பார்த்தோம். நம் குடும்பங்களில் இரண்டு வேறு பொருள்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பும் பழக்கம் இருக்கிறது. ஒன்று அனுமதி, மற்றொன்று மன்னிப்பு. அனுமதி செயலுக்கு முன்னால் வருவது. மன்னிப்பு செயலுக்குப் பின்னால் வருவது. இரண்டுமே பொருளுக்கு உரியவரின் கையில் இருப்பவை. “கேட்டால் காக்கா கொடுத்திருப்பார்” என்று தம்பி சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம். கேட்டால் கொடுப்பார் என்பது, கேட்கவேண்டும் என்பதற்கன்றோ காரணமாகிறது? கேளாமல் எடுப்பதற்கு அது எப்படிக் காரணமாகும்?

உறவினர் பொருளில் நமக்கு உரிமையே இல்லையென்று மார்க்கம் சொல்லிவிடவில்லை. திருக்குர்ஆனின் 24-ஆம் அத்தியாயத்து 61-ஆம் வசனம் இவ்விஷயத்தில் வியக்கத்தக்கது. தந்தையர், தாயர், சகோதரர், சகோதரியர், தந்தை வழி, தாய் வழி உறவினர், சாவிகள் நம் பொறுப்பில் உள்ள வீடுகள், நண்பர் வீடுகள் என்று வரிசையாகச் சொல்லி, அங்கெல்லாம் உண்பதில் குற்றமில்லை என்கிறது. சாவியை வைத்திருப்பவரைத் தனியே குறிப்பிட்டிருப்பதைக் கவனிக்கவேண்டும். அதற்கு விரிவுரையாளர்கள் கூறும் பின்னணிகளுள் ஒன்று நம் வழக்குக்கு மிக அருகில் வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடன் போருக்குப் புறப்பட்டவர்கள், உடன் வர இயலாத பலவீனர்களிடம் தம் வீட்டுச் சாவிகளை ஒப்படைத்து, வேண்டியதை உண்ணுங்கள் என்று சொல்லிச் சென்றார்களாம். சாவி பெற்றவர்களோ, உரியவர்கள் மனமுவந்துதான் சொன்னார்களோ என்னவோ என்று அஞ்சி, தொடாமலே இருந்தார்களாம். அந்தத் தயக்கத்தை நீக்கவே வசனம் இறங்கிற்று என்பது அவ்விளக்கம்.

கடல் கடந்து போகிறவர் வீட்டில் விட்டுச்செல்லும் அட்டையும் அந்தச் சாவி போன்றதுதான். ஆனால் மனநிலையில் எத்தனை தூரம்! அன்று வெளிப்படையான அனுமதி இருந்தும் கை தயங்கிற்று. இன்று சொல்லப்பட்ட எல்லையைக் கடந்தும் கை தயங்கவில்லை. அந்த அனுமதிக்கும் ஓர் அளவு உண்டு. தோட்டத்தின் பொறுப்பாளர் அதன் கனியை உண்ணலாம், கால்நடையின் பாலை அருந்தலாம், சுமந்து செல்லவோ சேர்த்து வைக்கவோ கூடாது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியதாக விரிவுரைகளில் காண்கிறோம். வீட்டு மின்கட்டணம் கனியை உண்பது. கடைக்குச் சரக்கு எடுப்பது கனியைச் சுமந்துபோய்ச் சந்தையில் விற்பது.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, ஹிந்த் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைச் சொல்லக்கூடும். கணவர் அபூசுப்யான் தமக்கும் பிள்ளைக்கும் போதுமானதைத் தருவதில்லை, அவர் அறியாமல் எடுத்தாலன்றிப் போதவில்லை என்று அந்த அம்மையார் முறையிட்டபோது, நியாயமான அளவில் போதுமானதை எடுத்துக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். புகாரியில் உள்ள செய்தி. ஆனால் அது மனைவிக்கும் பிள்ளைக்கும் கணவன் கொடுத்தே ஆகவேண்டிய செலவைப் பற்றியது. கொடுக்கவேண்டிய கடமையைச் செய்யாதவரிடமிருந்து, உரிமையுள்ளவர் உரிமையளவுக்கு எடுப்பது. தம்பியின் கடைக்கு முதல் போடுவது காக்காவின் கடமை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்னொரு நிகழ்ச்சி இதைவிட நுட்பமானது. உர்வா அல்பாரிக்கி (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் ஆடு வாங்கிவர ஒரு தீனார் கொடுத்தார்கள். அவரோ அதைக்கொண்டு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்தார். அவருடைய வணிகத்தில் பரக்கத் உண்டாக நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். சொன்ன எல்லையை உர்வாவும் கடந்தவர்தாமே என்று கேட்கலாம். கடந்தவர்தாம். ஆனால் கடந்தது பொருளுக்கு உரியவரின் நன்மைக்காக. கிடைத்த இலாபம் முழுவதும் உரியவர் கைக்கே வந்து சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நேரே வந்து நடந்ததைச் சொன்னார். நம் தம்பி முதல் இருமுறை பணத்தைத் திரும்பக் கட்டியபோது காக்காவிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால், மூன்றாம் முறை நேர்ந்தே இராது. அல்லது காக்கா விரும்பியே முதல் கொடுத்திருப்பார். நட்டம் வராத அந்த இரண்டு முறைகளிலேயே நம்பிக்கை உடைந்துவிட்டது. மூன்றாம் முறை உடைந்தது தெரியவந்தது; அவ்வளவே.

அனுமதியின்றிப் பிறர் பொருளில் செய்யும் விற்பனை, உரியவர் பின்னால் ஒப்புக்கொண்டால் செல்லும் என்பது ஹனபி மத்ஹபின் கருத்து. ஷாபிஈ மத்ஹபில் வலுவான கருத்தோ, அது தொடக்கத்திலேயே செல்லாது என்பது. நம் கடற்கரை ஊர்களில் ஷாபிஈகளும் உள்நாட்டில் ஹனபிகளும் மிகுதி. சம்பந்தம் கலந்த வீடுகளில் இரண்டும் உண்டு. எந்த மத்ஹபை எடுத்துக்கொண்டாலும், ஒப்புக்கொள்ளும் அதிகாரம் உரியவருக்கே இருக்கிறது. உம்மாவுக்கோ, வாப்பாவுக்கோ, முற்றத்தில் பாய் விரித்து அமர்ந்த நமக்கோ இல்லை. நீயும் உன் பொருளும் உன் தந்தைக்கே என்ற பொருள்பட வரும் ஹதீஸை வாப்பாமார் எடுத்துக்காட்டுவதுண்டு. அது தந்தைக்குச் செய்யவேண்டிய உபகாரத்தைச் சொல்வதே தவிர, உடைமையை மாற்றிக் கொடுப்பதன்று என்றே அறிஞர்களில் பெரும்பாலோர் கொண்டனர். பிள்ளை இறந்தால் அவன் சொத்தில் தந்தைக்குக் குறிப்பிட்ட பங்கைத் திருமறை வகுத்துத் தந்திருக்கிறது. முழுவதும் தந்தையுடையதாயின் பங்கு எதற்கு? “நான் பொறுத்துக்கொண்டேன்” என்று வாப்பா சொன்னபோது, தமக்கு உரிமையில்லாத ஒன்றை அவரும் எடுத்துக் கொடுத்துவிட்டார் என்றே சொல்லவேண்டும். நாமும் அதற்குத் துணை நின்றோம்.

கிரெடிட் கார்டின் இயல்பையும் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். அலமாரியிலிருந்து ஆயிரம் ரூபாயை ஒருவன் எடுத்தால், இருந்த பொருள் குறைகிறது. நட்டம் அந்த ஆயிரத்தோடு நிற்கிறது. அட்டையைப் பயன்படுத்தினால் அலமாரியில் எதுவும் குறைவதில்லை. மாறாக, வங்கிக்குக் கடன்பட்டவன் என்ற நிலை அட்டைக்கு உரியவர்மேல் ஏறுகிறது. அவர் பெயரில், அவர் அறியாமல், ஒரு வாக்கு கொடுக்கப்படுகிறது. கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த நாயகம் (ஸல்) அவர்கள் முன்வராதபோது, அந்தக் கடன் என் பொறுப்பு என்று அபூகதாதா (ரலி) அவர்கள் முன்வந்த செய்தி நாம் அறிந்ததே. ஒருவர் கடனை மற்றவர் தாமே விரும்பித் தோளில் ஏற்பது அத்தனை உயர்ந்த செயல். உறங்குகிறவன் தோளில் அதை ஏற்றிவைத்துவிட்டு நடந்துவிடுவது என்ன செயல்?

அதிலும் ஏற்றிவைக்கப்பட்டது வட்டியோடு கூடிய கடன். கெடு நாளுக்குள் முழுத்தொகையையும் கட்டினால் வட்டியில்லை என்ற நம்பிக்கையிலேயே நம்மவர் பலர் இந்த அட்டையை வைத்திருக்கின்றனர். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டத் தொடங்கினால் நிலைமை மாறிவிடுகிறது. நிலுவைக்கு மட்டுமன்றிப் புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். பல அட்டைகளில் அது மாதத்துக்கு 3 சதவீதத்துக்கும் மேல்; ஆண்டுக் கணக்கில் 40 சதவீதத்தை எட்டும். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அந்தத் தீர்ப்பை நீக்கிவிட்டது. வாழ்நாள் முழுவதும் வட்டியைத் தொடாமல் ஒதுங்கி நடந்த மூத்தவர், தாம் அறியாமலே எட்டு மாதம் வட்டி கொடுப்பவராக இருந்திருக்கிறார். பணம் போனதைவிட இதுதான் தம்மை வாட்டியது என்று பின்னர் அவர் நம்மிடம் சொன்னார். முற்றத்தில் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதை நினைக்கும்போது நமக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

வங்கியின் வழியையும் சொல்லவேண்டும். அட்டைக்கு உரியவர் அறியாமல் பிறர் பயன்படுத்தியதை வங்கிக்குத் தெரிவித்தால் யார் நட்டத்தை ஏற்பது என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வரையறுத்தது. வங்கியிடமும் தவறில்லாமல், வாடிக்கையாளரிடமும் தவறில்லாமல், வேறெங்கோ நேர்ந்த மோசடியாயின், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நட்டமில்லை. ஆனால் அட்டையையும் இரகசிய எண்ணையும் தாமே பிறர் கையில் கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரையிலான நட்டம் அவருடையதே. பெங்களூரில் 2013-இல் ஒரு பெண்மணி, தாம் வெளியே செல்ல முடியாத நிலையில், தம் ஏடிஎம் அட்டையையும் எண்ணையும் கணவரிடம் கொடுத்து 25,000 ரூபாய் எடுத்துவரச் சொன்னார். இயந்திரத்திலிருந்து பணம் வரவில்லை. கணக்கில் மட்டும் குறைந்தது. எண்ணைப் பிறரிடம் சொன்னதே விதிமீறல் என்று கூறி, 2018-இல் நுகர்வோர் மன்றம் அவர் வழக்கைத் தள்ளிற்று. கணவனும் வங்கிக்குப் ‘பிறர்’ தான்.

மூத்தவரிடம் உறவினர் ஒருவர் காதோடு காதாக ஒரு யோசனை சொன்னாராம்: “யார் எடுத்தார்கள் என்று தெரியாது என்று வங்கிக்கு எழுதிக் கொடு, போலீசும் வேண்டாம், தம்பியும் தப்பிப்பான்.” இது தம்பி செய்ததைவிடக் கொடியது என்பது நம் கருத்து. தம்பி செய்தது எல்லை மீறல். இது பொய்ச் சாட்சி. பெற்றோருக்கும் நெருங்கிய உறவினருக்கும் எதிராக இருந்தாலும், ஏன், தமக்கே எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கச் சொல்கிறது திருமறையின் 4:135. தம்பியைக் காப்பாற்ற ஊர் பேர் தெரியாத ஒருவனைத் திருடனாக்குவதும், வங்கியின் பொருளை உண்பதும் எந்தக் கணக்கில் சேரும்? மூத்தவர் மறுத்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ்.

அப்படியானால் காவல் நிலையத்துக்குப் போவதுதான் வழியா? பிறருடைய இரகசிய எண்ணை மோசடியாகப் பயன்படுத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் வரை அபராதமும் விதிக்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு. அவ்வழி எப்போதுமே கூடாது என்று நாம் சொல்லமாட்டோம். சூதிலோ போதையிலோ விழுந்து, எத்தனை முறை மன்னித்தாலும் மீண்டும் மீண்டும் உறவினர் பெயரில் கடன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அநீதி செய்யும் சகோதரனுக்கும் உதவி செய்யச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்கள், அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கினார்கள். வேறெதுவும் தடுக்காதபோது சட்டம் தடுக்கட்டும். நம் தம்பி அத்தகையவர் அல்லர். கேட்டவுடன் மறுக்காமல் ஒப்புக்கொண்டவர்.

இந்த வழக்கில் எல்லாரையும்விடக் கடினமான இடத்தில் இருந்தவர் மூத்தவரின் மனைவி. அந்தப் பழைய கைபேசி அவர் அறையில்தான் இருந்தது. வங்கியிலிருந்து வந்த செய்திகளை அவர் பார்த்திருக்கிறார். கணவரிடம் சொன்னால், ‘குடும்பத்தைப் பிரிக்க வந்தவள்’ என்ற பெயர். சொல்லாவிட்டால் கணவருக்குத் துரோகம். எட்டு மாதம் அந்த நெருப்பை மடியில் கட்டிக்கொண்டிருந்தார். விஷயம் வெளிவந்தபோது, “உனக்குத் தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை?” என்று முதலில் ஏச்சு வாங்கியவரும் அவரே. உண்மை சொன்னால் தண்டனை, மறைத்தாலும் தண்டனை என்று நம் வீட்டுப் பெண்களை வைத்துவிட்டு, குடும்ப ஒற்றுமை என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். முற்றத்துக் கூட்டத்தில் அவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் வீடு வீடாகச் சென்று, ஏதேனும் தவறு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது நம்மிடையே உள்ள அழகிய வழக்கம். எதிரே இருப்பவரும் என்ன தவறு என்று கேளாமலே பொறுத்தேன் என்பார். இன்னதென்று தெரியாத கடனை விட்டுக்கொடுப்பது செல்லுமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனபியில் செல்லும், ஷாபிஈயில் செல்லாது. சட்டம் எவ்வாறாயினும், மனத்தளவில் ஷாபிஈ கருத்தின் நுட்பத்தை இந்த வழக்குக்குப் பின்தான் நாம் புரிந்துகொண்டோம். எவ்வளவு, எப்போது, எதற்காக என்று சொல்லப்படாத தவற்றை ஒருவர் பொறுத்தேன் என்றால், அவர் எதைப் பொறுத்தார்? அன்று முற்றத்தில் தொகையைக்கூட யாரும் உரக்கச் சொல்லவில்லை. தம்பி நடந்ததை எடுத்துச் சொல்லவில்லை. மூத்தவர் தம் வருத்தத்தைச் சொல்லவில்லை. நாம் அவரிடமிருந்து மன்னிப்பைப் பெறவில்லை. மரியாதைக்காக ஒரு தலையசைப்பைப் பெற்றோம்.

இரண்டு மாதம் கழித்து நாமே துபாய்க்குத் தொலைபேசியில் பேசி, நாம் செய்தது சரியில்லை, மீண்டும் ஒருமுறை பேசலாமா என்று கேட்டோம். நெடுநேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, “நீங்களாவது சொன்னீர்களே மாமா” என்றார். அடுத்த விடுமுறையில், இம்முறை பெரியவர்கள் கூட்டமின்றி, அண்ணன் தம்பி இருவரும், அவர்தம் மனைவியரும், நாமும் மட்டும் அமர்ந்தோம். தம்பி, மூன்று முறையும் எடுத்த தொகையையும் தேதியையும் தாமே சொன்னார். வங்கியின் பாக்கியை மூத்தவர் முன்பே முழுவதுமாக அடைத்து வட்டியை நிறுத்தியிருந்தார். 1,40,000 ரூபாய் தம்பியின் கடன் என்று ஓர் ஏட்டில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டார்கள். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் 2:282 தான் திருமறையிலேயே நீளமான வசனம். சிறிதோ பெரிதோ எழுதச் சலிக்கவேண்டாம் என்று சொல்லும் அது, தம்பியின் கடனுக்கு விலக்கு அளிக்கவில்லை. நெருக்கடியில் இருப்பவனுக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லும் 2:280-ஐ ஒட்டி, மாதம் பத்தாயிரம், முடியாத மாதம் முன்னரே சொல்லிவிடவேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

வங்கிக்குக் கட்டிய வட்டியைத் தம்பியிடம் கேட்கலாமா என்றொரு கேள்வி எழுந்தது. அது மூத்தவர் வாங்கும் வட்டியாகாது, தம்பியால் நேர்ந்த நட்டத்துக்கு ஈடு என்றே நமக்குப் பட்டது. ஆயினும் இது ஆலிம்களிடம் கேட்டுத் தெளியவேண்டிய விஷயம். கேட்கும் தேவையே எழாமல், “அது வேண்டாம், அந்த வகைப் பணம் எனக்கு எந்த வழியிலும் திரும்பி வரவேண்டாம்” என்று மூத்தவர் விட்டுவிட்டார். கேட்டுப் பெறாமல் தாமே கொடுத்த அந்த விட்டுக்கொடுத்தலைக் கண்டபோதுதான் தம்பி அழுதார்.

வீட்டுச் செலவுக்காக இப்போது தம் மனைவியின் பெயரில் ஒரு துணை அட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார் மூத்தவர். அதற்குச் செலவு வரம்பு உண்டு. செய்தி அவர் கைபேசிக்கும் போகும். இணையப் பரிமாற்றத்தைத் திறக்கவும் மூடவும் வரம்பு வைக்கவும் அட்டைக்காரருக்கே வசதி தரவேண்டும் என்று 2020 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது. அது தெரியாமலே இத்தனை நாள் இருந்தோம் என்று அந்தச் சகோதரி சொன்னார். துணை அட்டையின் கடனுக்கும் மூத்தவரே பொறுப்பாளி. ஆனால் இம்முறை அவர் அறிந்து ஏற்ற பொறுப்பு.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். தம்பி ஏட்டை எடுத்துக் காட்டினார். ஒன்பது வரிகள் எழுதியிருந்தன. ஏழாவது மாதத்துக்கு எதிரே மட்டும் தொகையில்லை. ‘காக்காவிடம் சொல்லியாயிற்று’ என்று சிறிய எழுத்தில் இருந்தது.